ஓடிட் ரிப்போட்ல 'பாஸ்' எண்டு இருக்கு, அம்மாட நகைக்காசு பத்திரமா?

வாசகர் கேள்வி:

அக்கா, நான் களுவாஞ்சிகுடி. ஒலுவில் கெம்பஸ்ல ஐடி முடிச்சிட்டு வேல தேடிட்டு இருக்கன். கட்டார்ல வேல செய்யிற எங்கட பெரியப்பாட மகன் ஒரு கிரிப்டோ டோக்கன் பத்திச் சொன்னாரு, பிஎன்பி செயின் எண்ட ப்ளொக்செயின்ல இருக்கிறது. அம்மாட நகைய அடகு வச்சு நாலு லட்சம் எடுத்து, டொலர் விலையோட ஓடுற யுஎஸ்டிடி கிரிப்டோ வாங்கி, அந்த டோக்கனா மாத்தி 90 நாளைக்கு ஸ்டேக் பண்ணி, அதாவது வட்டிக்குப் பூட்டி வச்சிருக்கன். ஒரு நாளைக்கு 1.5 வீதம் கூடுதெண்டு அவங்கட சைட்ல காட்டுது. வொலட்ட அண்ணாதான் வீடியோ கோல்ல செட் பண்ணித் தந்தாரு. நான் ஆள் சேத்தா ஒரு ஆளுக்கு 8 வீதம் கிடைக்குமாம், எங்கட ஊர்ல அஞ்சாறு பேர் ரெடியா இருக்காங்க. சேக்க முதல் உங்களக் கேப்பம் எண்டு நினைச்சன். டோக்கன ஓட்டுற ப்ரோக்ராம், அதான் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், அதில குறை இருக்கா எண்டு ஓடிட் பண்ணின ரிப்போட்டயும் என்ட ட்ரான்ஸாக்ஷன் ஸ்க்ரீன்ஷொட்டயும் அனுப்பியிருக்கன், 94 மார்க் போட்டிருக்கு. நம்பலாமா? இன்னொண்டு, இந்த ஓடிட் வேலைய நானும் படிக்கலாமா?

பதில்:

தம்பி, கேட்டிட்டுச் சேக்க நினைச்சீங்களே, அதுக்கு முதல்ல ஒரு நன்றி, ஏனெண்டா பெரும்பாலும் எனக்கு வாற கடிதம் எல்லாம் சேத்து முடிச்சு, சேந்த ஆக்கள் வாசல்ல வந்து நிக்கிற நேரம் எழுதினதாத்தான் இருக்கும்.

நீங்க அனுப்பின பிடிஎஃப்ப முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சன், 16 பக்கம். போலி ரிப்போட் இல்ல, அந்தக் கொம்பனி உண்மையா இருக்கு, அவங்கட சைட்லயும் இதே ரிப்போட் கிடக்கு. ஆனா நீங்களும் அண்ணாவும் முதல் பக்கத்தில இருக்கிற பச்ச வட்டத்தயும் 94ஐயும் பாத்திட்டு அங்கேயே நிண்டிட்டீங்க போல, ஏனெண்டா உங்கட கேள்விக்கு விடை உள்ளுக்கு ரெண்டு இடத்தில தெளிவா இருக்கு, எழுதின கொம்பனிக்காரனே எழுதி வச்சிருக்கான்.

மூணாம் பக்கத்துக்குப் போங்க. 'ஸ்கோப்' எண்டு, எதெத ஓடிட் பண்ணினாங்க எண்டு சொல்ற ஒரு சின்னப் பெட்டி, அதுக்குள்ள ஒரேயொரு ஃபைல் பேரும் ஒரேயொரு கொன்ட்ராக்ட் அட்ரஸும். அது டோக்கன்ட அட்ரஸ். இப்ப நீங்க ஸ்டேக் பண்ணின அண்டைக்குப் போன ட்ரான்ஸாக்ஷன எடுத்து, டோக்கன் எந்த அட்ரஸுக்குப் போயிருக்கு எண்டு பாருங்க. ஸ்க்ரீன்ஷொட்ல நான் பாத்தன், கடைசி நாலு எழுத்தே வேற. அதாவது ஓடிட் பண்ணினது ஒரு ப்ரோக்ராம், அம்மாட காசு போய்க் கிடக்கிறது இன்னொரு ப்ரோக்ராம். அந்த ஸ்டேக்கிங் கொன்ட்ராக்ட ஓடிட்காரன் கண்ணாலயும் காணல்ல, காணல்ல எண்டத மறைக்கவும் இல்ல. அந்த அட்ரஸ, பிஎன்பி செயின்ல நடக்கிறதக் காட்டுற பிஎஸ்சிஸ்கேன் சைட்ல அடிச்சுப் பாத்தா கொன்ட்ராக்ட் டெப்ல பச்ச டிக்கும் இல்ல, மனுசர் வாசிக்கிற சோர்ஸ் கோட் போடாம மெஷினுக்கான வெறும் பைட்கோட்தான் கிடக்கு. பைட்கோட்ட டீகம்பைல் பண்ணி ஓரளவு படிக்கலாம்தான், ஆனா சோர்ஸ வெரிஃபை பண்ணிப் போடுறது காசு செலவில்லாத சின்ன வேல, ஆக்கள்ட காசப் பூட்டி வைக்கிற ஒரு கொன்ட்ராக்ட்டுக்கு அதக் கூடச் செய்யாத டீமுக்கு என்ன சாட்டு இருக்கு எண்டு எனக்கு விளங்கல்ல.

ரெண்டாவது இடம் 11ஆம் பக்கம். ஓனர் எவ்வளவு வேணுமெண்டாலும் புதுசா டோக்கன் மிண்ட் பண்ணலாம், அதாவது அச்சடிக்கலாம், மேல் எல்லை ஒண்டும் இல்ல எண்டு எழுதி, அதுக்குப் பக்கத்தில நிலை எண்ட இடத்தில 'அக்னொலெஜ்ட்' எண்டு போட்டிருக்கு. ரிப்போட்கள்ல இந்த நிலை வந்தா, ஓடிட்காரன் சொன்னான், டீம் கேட்டுது, திருத்தல்ல எண்டுதான் எடுக்கணும். இதுதான் அந்த 16 பக்கத்திலயும் ஆகப் பெரிய விசயம், ஆனா மார்க்ல 6தான் குறைஞ்சிருக்கு. மார்க் போட பொதுவான அளவுகோல் எண்டு ஒண்டு இந்தத் தொழில்ல கிடையாது தம்பி, ஒவ்வொரு கொம்பனியும் தன்ட தன்ட கணக்கில போடுறது. நான் ரிப்போட் எழுதுற நேரம் மார்க் போடுறதே இல்ல, ஆக்கள் அத மட்டும் வெட்டி எடுத்து பேனர்ல ஒட்டுவாங்க எண்டு தெரியும்.

மறுகா அந்தப் பச்ச டிக் போட்ட பட்டியல். இருபதுக்கு மேல வரி, எல்லாம் 'பாஸ்ட்', பாக்க நல்லாத்தான் இருக்கு. அதில முதல் வரி இன்டிஜர் ஓவர்ஃப்ளோ. ஒரு காலத்தில இது உண்மையிலேயே பெரிய ஆபத்து. 2018 ஏப்ரல்ல பியூட்டிசெயின் எண்டு ஒரு டோக்கன், பெக் எண்டு கூப்பிடுவாங்க, ஒரே தரத்தில கன பேருக்கு அனுப்புற ஒரு ஃபங்ஷன் வச்சிருந்தாங்க. எத்தனை பேர், ஒராளுக்கு எவ்வளவு, ரெண்டையும் பெருக்கி மொத்தத்த எடுத்து, அவ்வளவு உன்னட்ட இருக்கா எண்டு பாக்கும். ஒருத்தன் ரெண்டு அட்ரஸக் குடுத்து, ஒவ்வொண்டுக்கும் 2இன் 255ஆம் அடுக்கு டோக்கன் அனுப்பு எண்டான். பெருக்கினா 2இன் 256ஆம் அடுக்கு வரும், அந்த எண்ணப் பிடிக்கிற இடமோ 256 பிட்தான், அதால விடை சுத்தி வந்து சைபர் ஆயிட்டு. சைபர் டோக்கன் உன்னட்ட இருக்கா? ஓம் இருக்கு, போகலாம். ரெண்டு அட்ரஸுக்கும் கணக்கில்லாத டோக்கன் போய்ச் சேந்திச்சு. இதில எனக்கு இப்பவும் மனசுக்குள்ள நிக்கிறது என்னெண்டா, அதே ஃபங்ஷன்ல கழிக்கிற வரிக்கும் கூட்டுற வரிக்கும் எண் சுத்தாமப் பாக்கிற சேஃப்மெத் போட்டிருக்காங்க, பெருக்கிற அந்த ஒத்த வரிக்கு மட்டும் விட்டிட்டாங்க. ஓடிட் எண்டா அந்த ஒத்த வரியக் கண்டுபிடிக்கிற வேலதான்.

ஆனா 2020 டிசம்பர்ல, கொன்ட்ராக்ட் எழுதுற மொழியான சொலிடிட்டியில 0.8 வந்ததோட இந்தச் சோதனைய கம்பைலரே செய்யுது, எண் சுத்தினா ட்ரான்ஸாக்ஷன் நடக்காம அப்படியே ரிவர்ட் ஆகும், நாமளா 'அன்செக்ட்' எண்டு எழுதி நிப்பாட்டினாத்தான் பழைய ஆபத்து திரும்பி வரும். உங்கட டோக்கன் 0.8.19ல எழுதினது, அன்செக்ட் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல. அப்ப ஓவர்ஃப்ளோ பாஸ் எண்டு டிக் போட ஓடிட்காரன் மூளையச் செலவழிக்கவே தேவையில்ல. அடுத்த வரி ரீஎன்ட்ரன்சி, அதுவும் அப்படித்தான். 2016 ஜூன்ல த டாவோ எண்ட கூட்டு முதலீட்டுக் கொன்ட்ராக்ட்ல இருந்து 3.6 மில்லியன் ஈதர் எண்ட கிரிப்டோக் காசு போனது அதாலதான், ஆளிண்ட கணக்கக் குறைக்க முதலே காசக் கையில குடுக்கிற மாதிரி எழுதியிருந்தாங்க, வாங்கின கொன்ட்ராக்ட் திரும்பத் திரும்ப உள்ளுக்கு வந்து கேட்டுது. ஆனா உங்கட டோக்கன் வெளியால ஈதரோ பிஎன்பியோ அனுப்புறதே இல்லாத சாதாரண டோக்கன், எல்லாரும் பாவிக்கிற ஓபன்செப்பலின்ட ரெடிமேட் கோட்ட எடுத்து மேல கொஞ்சம் பூசினது, அதில ரீஎன்ட்ரன்சி வர வழியே இல்ல. அது பாக்கவேண்டிய இடம் அந்த ஸ்டேக்கிங் கொன்ட்ராக்ட், அதத்தான் பாக்கல்ல. இந்தப் பட்டியல்ல பாதிய ஸ்லிதர் மாதிரி ஒரு இலவச டூல ஓடவிட்டாலே எடுத்திடலாம். டூல் ஓடவிடுறது பிழையில்ல, நாங்களும் அதிலதான் தொடங்குறது, அதோட முடிக்கிறதுதான் பிழை.

நல்லதயும் சொல்லோணும். டோக்கன் கோட்ட நான் வாசிச்ச மட்டில ஆக்கள விக்க விடாமத் தடுக்கிற பிளாக்லிஸ்ட் இல்ல, விக்கிற நேரம் அறவிடுற வரிய (டெக்ஸ்) கூட்டுற ஃபங்ஷனும் இல்ல. 2021 நவம்பர்ல ஸ்க்விட் டோக்கன்ல நடந்த மாதிரி, வாங்கலாம் ஆனா விக்க ஏலாது, விலை 2,800 டொலருக்கு மேல போய் மறுகா சில நிமிசத்தில ஒண்டுமில்லாமப் போற கூத்து கோட்டுக்குள்ள இல்ல. கோட் எழுதின பொடியன் கெட்டவனா இருக்கோணும் எண்டில்ல, அவன்ட வேலைய ஒழுங்கா செய்திருக்கான்.

பிரச்சின கோட்டுக்கு வெளியால. எங்கட ஊர்ச் சீட்டு மாதிரித்தான், சீட்டுக் கொப்பிய வாங்கி ஒராள் கூட்டிக் கழிச்சுப் பாத்து கணக்கு சரி எண்டு சொல்லலாம், சீட்டு நடத்துற தாச்சிக்காரி நாளைக்கு ஊர விட்டுப் போவாவா எண்டு கொப்பியில எழுதியிருக்காது. உங்கட டோக்கன்ல தாச்சிக்காரி யாரு எண்டு பாருங்க. பிஎஸ்சிஸ்கேன்ல டோக்கன் அட்ரஸப் போட்டு, 'ரீட் கொன்ட்ராக்ட்'ல 'ஓனர்' எண்டத அமத்தினா ஒரு அட்ரஸ் வரும். அது பல பேர் சேந்து கையெழுத்து வைக்கிற மல்டிசிக்கா, குறிச்ச நேரம் கழிச்சு மட்டும் நடக்கவிடுற டைம்லொக்கா, இல்லாட்டி ஒத்த ஆளிண்ட வொலட்டா? நான் பாத்தன், ஒத்த வொலட். அந்த ஒராள் நினைச்சா, இல்ல அவர்ர லெப்டொப்புக்குள்ள எவனாவது பூந்தா, கோடிக்கணக்கில டோக்கன் அச்சடிக்கலாம். 2022 மார்ச்ல, ஒரு செயின்ல இருந்து இன்னொண்டுக்குக் காசு மாத்துற ரோனின் ப்ரிட்ஜ்ல இருந்து 600 மில்லியன் டொலருக்கு மேல போச்சு, அங்க கோட்ல ஓட்டை இல்ல, கையெழுத்து வைக்கிற ஒன்பது சாவியில அஞ்சு சாவி கள்ளன்ட கையில போயிருந்திச்சு, கோட்டப் பொறுத்தமட்டில சரியான கையெழுத்து சரியா வந்திருக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது லிக்குயிடிட்டி, அதாவது வித்தா வாங்கக் கிடக்கிற காசு. டோக்கன் மாத்துற சந்தையான பென்கேக்ஸ்வொப்ல உங்கட டோக்கன்ட பூல்ல யுஎஸ்டிடி பக்கம் கிடக்கிறது கிட்டத்தட்ட 38,000 டொலர். அவங்கட சைட்ல ஸ்டேக் பண்ணின மொத்தம் ரெண்டு மில்லியன் டொலர் எண்டு பெரிய எழுத்தில ஓடுது. இந்த ரெண்டு எண்ணயும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க தம்பி. எல்லாரும் விக்க வெளிக்கிட்டா பங்கு போட அந்த 38,000தான் இருக்கு, முதல் விக்கிறவனுக்கு விலை கிடைக்கும், பின்னால வாறவனுக்கு டோக்கன் மிஞ்சும். அந்த 38,000த்தயும் தூக்கிட்டுப் போகலாம், ஏனெண்டா பூல்ல போட்ட காசத் திருப்பி எடுக்கிற பத்திரம் மாதிரியான எல்பி டோக்கன்ல 97 வீதம் லொக் பண்ணாம ஓனர்ட அதே வொலட்ல கிடக்கு.

இப்ப அந்த 1.5 வீதம் எங்கயிருந்து வருது எண்டு விளங்கும். 90 நாளுக்கு வட்டிக்கு வட்டி போடாமலே 135 வீதம், உங்கட நாலு லட்சம் ஒன்பது லட்சத்து நாப்பதாயிரம் ஆகணும். டீமுக்கு வேற ஒரு வருமானமும் இல்ல, எதயும் விக்கல்ல, கடன் குடுக்கல்ல. 11ஆம் பக்கத்தில சொன்ன மிண்ட்தான் அந்த வட்டி. ட்ரான்ஸ்ஃபர் பட்டியல்ல, புதுசா அச்சடிச்சதெண்டு காட்டுற சைபர் அட்ரஸ்ல இருந்து ஸ்டேக்கிங் கொன்ட்ராக்ட்டுக்கு ஒவ்வொரு நாளும் புது டோக்கன் வந்து விழுகுது, கண்ணால பாக்கலாம். சைட்ல உங்கட டோக்கன் எண்ணிக்கை கூடுறது மெய்தான். பூல்ல டொலர் கூடல்ல.

முறையா ஓடிட் செய்திருந்தா இதெல்லாம் வராதா எண்டு கேப்பீங்க. அப்படியும் சொல்ல ஏலாது. ஆய்லர் ஃபினான்ஸ் எண்டு கிரிப்டோக் கடன் குடுக்கிற ஒரு லெண்டிங் ப்ரோட்டோகோல், பேர் போன கன கொம்பனிகள் திரும்பத் திரும்ப ஓடிட் செய்தது, 2023 மார்ச்ல 197 மில்லியன் டொலர் அளவு போச்சு. தன்ட சொந்தக் காச ரிசர்வுக்குக் குடுக்கிற ஒரு ஃபங்ஷன்ல, குடுத்த பிறகு அந்தக் கணக்கு கடனத் தாங்குமா எண்டு பாக்கிற ஒரு சோதனை இல்ல. பெரும்பாலான காச எடுத்தவன் பிறகு திருப்பிக் குடுத்திட்டான் எண்டாலும் அது அதிர்ஷ்டம். அதால நல்ல ரிப்போட் எண்டா எனக்கு முதல்ல தெரியவேண்டியது எந்தெந்தக் கொன்ட்ராக்ட், கோட்ட எந்தப் பதிப்ப, அதான் கமிட்ட, வாசிச்சாங்க, எதெத வாசிக்கல்ல எண்டதுதான். குறை ஒண்டும் காணாத ரிப்போட்ட விட, பத்துக் குறை கண்டு அதில எட்டத் திருத்தி, திருத்தினத மறுபடி பாத்து எழுதின ரிப்போட்ட நான் நம்புவன்.

இனி நீங்க செய்யவேண்டியது. இண்டைக்கே புது வொலட் ஒண்டு உங்கட கையால திறவுங்க, பக்கத்தில ஒருத்தரும் வேணாம், வீடியோ கோலும் வேணாம். அண்ணா செட் பண்ணித் தந்த நேரம் வொலட்டுக்குச் சாவியான அந்த 12 ரகசியச் சொல்லும் ஸ்க்ரீன்ல வந்திருக்கும், அவரும் பாத்திருப்பாரு. அண்ணாவ நான் கள்ளன் எண்டு சொல்லல்ல, அவரும் உங்கள மாதிரி நம்பி இறங்கின ஆளாத்தான் இருப்பாரு, ஆனா 12 சொல்ல ரெண்டு பேர் அறிஞ்சா அது ரெண்டு பேர்ட வொலட். மிச்சம் இருக்கிற யுஎஸ்டிடியப் புதுசுக்கு மாத்துங்க. ஸ்க்ரீன்ஷொட்ல இன்னொண்டும் கண்டன், ஸ்டேக் பண்ண முதல் டோக்கனுக்கு மட்டுமில்லாம யுஎஸ்டிடிக்கும் அப்ரூவ் குடுத்திருக்கீங்க, அதுவும் எல்லை இல்லாத அப்ரூவல். அதுக்குப் பிறகு அந்த வொலட்டுக்கு எப்ப யுஎஸ்டிடி வந்தாலும் அந்தக் கொன்ட்ராக்ட் உங்களக் கேக்காமலே இழுத்தெடுக்கலாம். பிஎஸ்சிஸ்கேன்லயே டோக்கன் அப்ரூவல் பாக்கிற பக்கம் இருக்கு, அதில ரிவோக் பண்ணி அந்த அனுமதிய எடுக்கலாம், கேஸ் எண்ட ட்ரான்ஸாக்ஷன் கட்டணத்துக்குக் கொஞ்சம் பிஎன்பி இருந்தாப் போதும். ஸ்டேக்ல கிடக்கிறது 90 நாள் முடியிற அண்டைக்கு எடுக்கக் குடுத்தா எடுத்து வித்து முதல்ல நகைய மீளுங்க, அடகு வட்டி ஒரு பக்கம் ஓடிட்டுத்தான் இருக்கும். 'இன்னும் 90 நாள் பூட்டினா 2 வீதம்' எண்டு அந்த நேரம் ஒரு மெசேஜ் வரும், வராட்டித்தான் புதினம். எடுக்க இன்னும் காசு கட்டு எண்டு கேட்டா ஒரு சதமும் கட்டாதீங்க.

ஆள் சேக்கிற கதைய இதோட விடுங்க. மத்திய வங்கி 2018ல இருந்து திரும்பத் திரும்ப அறிவிச்சிருக்கு, கிரிப்டோ இலங்கையில சட்டபூர்வ நாணயம் இல்ல, இதில முதலிடுற திட்டம் நடத்த ஒருத்தருக்கும் அனுமதி குடுக்கல்ல, கிரெடிட் கார்ட் டெபிட் கார்டாலயும் வாங்க ஏலாது எண்டு. அது காசு போட்ட ஆளுக்குச் சொன்னது, போனாக் கேக்க இடமில்ல எண்டு. நீங்க எட்டு வீதத்துக்கு ஆள் பிடிச்சா கதை வேற. வங்கிச் சட்டம் 83சி பிரிவு, ஆள் சேத்து ஓடுற பிரமிட் திட்டத்த நடத்துறத மட்டும் தடுக்கல்ல, ஊக்குவிக்கிறதயும் விளம்பரப்படுத்துறதயும் சேத்துத்தான் தடுக்குது. கட்டார்ல இருக்கிற அண்ணாவ ஒருத்தரும் தேடிப் போகப்போறதில்ல, டீம்ல இருக்கிறவன்ட உண்மையான பேர் கூட ஒருத்தருக்கும் தெரியாது, களுவாஞ்சிகுடியில காசு வாங்கின ஆள் எண்டு கையக் காட்ட உங்களத் தவிர வேற ஆள் இல்ல. ரெடியா இருக்கிற அந்த அஞ்சாறு பேருக்கும் ஸ்கோப் பெட்டியயும் 11ஆம் பக்கத்தயும் போன்ல காட்டுங்க. கல்லடியில இருந்து கல்முனை மட்டும் எத்தன ஹோல்ல 'ஓடிட் செய்யப்பட்டது' எண்டு பேனர் கட்டிக் கூட்டம் போடுறாங்க எண்டு உங்களுக்கும் தெரியும், அந்த ரிப்போட்ட யாரும் திறந்து காட்டி நான் காணல்ல.

கடைசிக் கேள்வி, படிக்கலாமா எண்டது. தாராளமாப் படிக்கலாம், சேர்ட்டிஃபிக்கட் ஒருத்தரும் கேக்கிறதில்ல, கண்டுபிடிச்ச குறையத்தான் கேப்பாங்க. சொலிடிட்டி, அத டெஸ்ட் பண்ற டூலான ஃபவுண்ட்ரி ரெண்டயும் பழகுங்க, ஈதர்னோட் எண்டு ஓபன்செப்பலின்ட விளையாட்டு ஒண்டு இருக்கு, டேம் வல்னரபிள் டிஃபை எண்டு இன்னொண்டு, ரெண்டும் இலவசம், கொன்ட்ராக்ட்ட உடைச்சு உடைச்சுத்தான் அடுத்த கட்டம் போகலாம். பிறகு கோட்4ரீனா, ஷெர்லொக் மாதிரி கோட்ல குறை பிடிக்கிற போட்டித் தளங்கள்ல இறங்கலாம், முதல் மாசங்கள்ல காசு வராது, அதால வேல தேடுறத நிப்பாட்டாதீங்க. நல்ல பயிற்சி வேணுமெண்டா உங்கட டோக்கன்ட சோர்ஸயே எடுங்க, முந்நூறு சொச்சம் வரிதான். 'ஒன்லிஓனர்' எண்டு வாற, ஓனர் மட்டுமே அமத்தக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனயும் குறிச்சு, அத அமத்தினா டோக்கன் வச்சிருக்கிறவனுக்கு என்ன ஆகும் எண்டு பக்கத்தில ஒரு வரி தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புங்க. மிண்ட்டோட சேத்து மொத்தம் நாலு இருக்கு, அதில ஒண்ட ரிப்போட் எழுதினவனும் விட்டிட்டான், நீங்க பிடிக்கிறீங்களா பாப்பம்.